நீல மாத்திரை கொடுக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை வழங்கும் திட்டத்தை வகுப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பள்ளியில் அந்த மாத்திரைக்குப் பொறுப்பு ஆசிரியையும் நான்தான். பல வருடமாக வாரந்தோறும் மாத்திரை அட்டையைப் பிரித்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்து வருகிறேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

போன ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் வகுப்பறைகளைச் சுத்தம் செய்தோம். பத்தாம் வகுப்பு ஒன்றின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இரண்டடி இடம் இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை. புல் பிடுங்கப் போன அக்கா, "டீச்சர், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். மண் நீலமாக இருந்தது. கோடை மழையில் நனைந்து, மேல்பூச்சு கரைந்து, உள்ளே துருநிறம் தெரிய, எண்ண முடியாத அளவுக்கு மாத்திரைகள். சில சுவரில் பட்டு நீலப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக் காய்ந்திருந்தன.

அன்று மாலை பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வகுப்பில் வருடம் முழுக்க, வந்திருந்த பிள்ளைகள் எல்லோர் பெயருக்கும் நேராக டிக். நூற்றுக்கு நூறு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

நான் பொய் எழுதவில்லை. மாத்திரையைக் கொடுத்தோம், அது உண்மை. படிவத்தில் இருக்கும் கட்டமும் 'வழங்கப்பட்டது' என்பதற்குத்தான். பிள்ளை விழுங்கியதா என்று படிவம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த மாத்திரைக்கு எதிரானவள் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 55. அந்த அளவீட்டு முறையைப் பற்றி விவாதங்கள் உண்டு. விரல்நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம், ரத்தக் குழாயிலிருந்து எடுக்கும் ரத்தத்தைப் போலத் துல்லியமாகக் காட்டாது என்பதும் சரிதான். ஆனாலும் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நின்று சரிந்து விழும் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தவளுக்கு விவாதம் தேவையில்லை. நாட்டில் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது 1970-ல். அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும் பாதிப் பெண்கள் வெளிறிப் போயிருக்கிறார்கள் என்றால், மாத்திரை வந்து சேர்ந்த இடத்தில் வேறு எதுவோ வந்து சேரவில்லை. என்ன வந்து சேரவில்லை என்பதை நான் ஜன்னலுக்கு அடியில் பார்த்தேன்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் கேட்டேன். திட்ட மாட்டேன், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருத்தி எழுந்து, "வாந்தி வருது மிஸ்" என்றாள். அடுத்தவள், "வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. குடல் அழுகிப்போச்சோன்னு அம்மா பயந்துட்டாங்க." இன்னொருத்திக்கு அவள் அத்தை சொல்லி அனுப்பியது: இதைத் தின்றால் பின்னாளில் பிள்ளை பிறக்காது. ஒரு பையன் கேட்டான்: "பொம்பளப் புள்ளைங்களுக்குத்தானே இது, எங்களுக்கு எதுக்கு?" இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. அவ்வளவு வருடமாக ஒரு பதிலையும் நாங்கள் சொல்லவில்லை. கையில் மாத்திரை, வாயில் தண்ணீர், பதிவேட்டில் டிக். அடுத்த பாடவேளை.

சரி, இனி சொல்லிவிட்டுத்தான் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் உங்களிடம் கேட்கப்போவதெல்லாம் அந்த இரண்டு பாடவேளைக்குள்தான் இருக்கிறது.

ஒரு சின்ன ஆணியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வளர்ந்த ஒரு மனித உடம்பில் இருக்கிற மொத்த இரும்பு இவ்வளவுதான், மூன்று நான்கு கிராம் என்றேன். நம்பவில்லை. இரும்பு இல்லாமல் மூச்சே இல்லை என்று படித்தவர்களுக்கு, அது ஓர் ஆணி அளவுதான் என்பது ஏமாற்றமாக இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில், ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்; ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்கள். நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிப்பதும், விரல்நுனியில் அதை விடுவதும் அந்த நான்கும்தான். மிச்ச இரும்பில் ஒரு பகுதி தசையில், ஒரு பகுதி உயிரணுக்களுக்குள் சக்தி உண்டாக்கும் நொதிகளில். தேவைக்கு மேல் இருப்பது ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாகப் போகிறது. பத்தாயத்தில் நெல் கொட்டி வைப்பதுபோல, ஒரே ஒரு ஃபெரிட்டின் உருண்டைக்குள் 4500 இரும்பணுக்கள் வரை அடங்கும்.

அடுத்ததாகத்தான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் உடம்பு தினமும் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். ஆனால் புதுச் சிவப்பணு செய்ய எலும்பு மஜ்ஜைக்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். மீதி எங்கிருந்து வருகிறது? பழைய சரக்கிலிருந்து. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் ஓடும். ஓடித் தேய்ந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கிற விழுங்கணுக்கள் அதைப் பிடித்துப் பிரித்து, உள்ளே இருந்த இரும்பை எடுத்துத் திரும்ப ரத்தத்தில் விடும். டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு மஜ்ஜைக்குப் போகும். எந்த நேரத்தில் பார்த்தாலும் அப்படிப் பயணத்தில் இருக்கும் இரும்பு மூன்று நான்கு மில்லிகிராம்தான். ஒரே சைக்கிளில் ஊரையே ஏற்றி இறக்குவதுபோல, அந்தக் கொஞ்சம் ஒரு நாளில் பலமுறை போய் வருகிறது.

"மண்ணீரல்னா சுவரொட்டியா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அந்தக் கணத்தில் உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆமாம், ஆட்டு மண்ணீரல்தான் சுவரொட்டி. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நம் வீட்டுக் கிழவிகள் தேடி வாங்கிவந்து, மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பது. பழைய சிவப்பணுக்களின் இரும்பு வந்து சேரும் உறுப்பு அது. விலங்கின் ரத்தமும் சதையும் தரும் இரும்பு, கீரையின் இரும்பைவிட நம் குடலில் எளிதாக ஏறும். ஃபெரிட்டினை முதன்முதலில் பிரித்தெடுத்த செக் நாட்டு விஞ்ஞானி லாஃப்பெர்கர், 1937-ல் அதை எடுத்தது குதிரையின் மண்ணீரலில் இருந்துதான். எங்கள் ஊர் ஆயாக்கள் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. கறிக்கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. (மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையை மட்டும் நான் அன்று கலைக்க வேண்டியிருந்தது. அந்த நிறம் வேறு. அவற்றில் இரும்பு மிகக் குறைவு.)

பிறகு கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: உடம்பில் இரும்பு அதிகமாகிவிட்டால் எந்த வழியாக வெளியேறும்? சிறுநீர் என்றார்கள். வியர்வை என்றார்கள். வழியே கிடையாது என்றேன். இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விட்டோவ்சன் என்ற இருவர் 1937-ல் இதை எடுத்துக் காட்டினார்கள். உடம்பு இரும்பின் அளவைக் காப்பது உள்ளே விடும் இடத்தில்தான். வெளியே தள்ளும் உறுப்பு எதுவும் இல்லை. தோல் உதிர்வதிலும் குடலின் உட்சுவர் உதிர்வதிலும் தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம் தானாகப் போகும், அவ்வளவுதான். ரத்தம் போனால் இரும்பு போகும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிடாயில் 40 மில்லி போனால் 20 மில்லிகிராம். கொக்கிப்புழு குடலில் தொங்கிக்கொண்டு உறிஞ்சுவது தனிக்கணக்கு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை கொடுப்பது ஏன் என்று அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்போ கலுங்கு இல்லாத கண்மாய் மாதிரியா மிஸ்?"

அதைவிட நல்ல வாக்கியம் என்னிடம் இல்லை. கலுங்கு இல்லாத கண்மாய்தான். மிஞ்சிய நீர் வழிந்தோட வழி இல்லையென்றால், வரத்துக் காலிலேயே ஆள் நிறுத்திப் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணீரை விட வேண்டும். அந்த ஆளின் பெயர் ஹெப்சிடின். கல்லீரல் சுரக்கும் ஹார்மோன். 25 அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட குட்டி. 2000, 2001 வாக்கில்தான் கண்டுபிடித்தார்கள். நான் கல்லூரியில் படித்தபோது இது பாடத்திலேயே இல்லை. குடலின் உயிரணுக்களிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் இறங்கும் மடை ஒன்று இருக்கிறது. ஃபெர்ரோபோர்ட்டின் என்று பெயர். உடம்பில் இரும்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடி, மடையை அடைத்துவிடும். பற்றாக்குறை என்றால் ஹெப்சிடின் குறையும், மடை திறக்கும். எங்கள் ஊர் நீர்பாய்ச்சி செய்யும் வேலையேதான்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தெரிந்துவிடுகிறது. விதியை மட்டும் அனுப்பி, காரணத்தை அனுப்பாமல் விட்டதுதான் என் மனத்தாங்கல்.

ஒரு நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. 2015-ல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், இரும்பு குறைந்த இளம்பெண்களுக்கு 60 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, ஒரு நாள் வரை இறங்கவில்லை. அதனால் மறுநாள் கொடுத்த மாத்திரையிலிருந்து ஏறிய இரும்பு குறைந்துபோனது. 2017-ல் தினமும் கொடுப்பதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதையும் ஒப்பிட்டபோது, இடைவெளி விட்டுக் கொடுத்ததுதான் நன்றாக ஏறியது. மடை அடைத்திருக்கும்போது எவ்வளவு தண்ணீர் கொண்டுவந்து கொட்டினாலும் வயலுக்குப் போகாது. இது தெரியாததால் நான் என்ன செய்தேன் தெரியுமா? விடுமுறையால் விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து இரண்டு மாத்திரையாகக் கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கை சரியாக வர வேண்டுமே என்று. உடம்புக்குள் அவ்வளவாக ஏறாத இரண்டாவது மாத்திரை அந்தப் பிள்ளைக்குத் தந்தது பெரும்பாலும் வயிற்றுவலியும் வாந்தியும்தான். அடுத்த வாரம் அது ஜன்னல் வழியே போனதில் என்ன ஆச்சரியம்?

நேரமும் அப்படித்தான். எங்கள் பள்ளியில் காலை முதல் பாடவேளையில் கொடுத்து வந்தோம். எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிறு. மீதிப் பேர் ஒரு டீ, ஒரு பன். வெறும் வயிற்றில் இரும்பு விழுந்தால் குமட்டும். டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள்களோ இரும்பைக் கட்டிப்போட்டு ஏறவிடாமல் செய்யும். இரண்டு தவறையும் ஒரே நேரத்தில் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான நேரத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறோம். கொய்யா கிடைக்கும் காலத்தில் ஆளுக்கொரு துண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சோற்றோடு கொய்யாப்பழமும் சாப்பிட்ட வளரிளம் பருவத்தினருக்கு இரும்பு கூடுதலாக ஏறியது. எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டியே இரண்டு கொய்யா மரங்கள் நிற்கின்றன. இத்தனை நாள் அதன் மேல் ஏறக்கூடாது என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தோம்.

காய்ச்சலில் வரும் பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிருமி புகுந்தால் உடம்பு ஹெப்சிடினைக் கூட்டி இரும்பைப் பதுக்கிவிடும், கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால். அன்றைக்குக் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தால் போதும்.

கறுப்பு மலத்துக்கும் ஒரு வரிதான் பதில்: மாத்திரையில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி ஏறாமல் அப்படியே வெளியே போகிறது, அதன் நிறம் அது. இதைச் சொன்ன அன்று அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அவள் இத்தனை நாள் குடல் அழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

இனி, எழுதத் தயங்கி எழுதும் ஒன்று. 2023 மார்ச்சில் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் யார் அதிக மாத்திரை விழுங்குவது என்று போட்டி போட்டார்கள். ஒரு மாணவி இறந்துபோனாள். செய்தி படித்த அன்று என்னால் வகுப்புக்குப் போக முடியவில்லை. 'சத்து மாத்திரை' என்று நாம் வைத்த பெயரை அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். சத்துதானே, கூடினால் கூடட்டும் என்று. கலுங்கு இல்லாத கண்மாய் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அளவுக்கு மீறிப் போனால் மடையும் நீர்பாய்ச்சியும் தாங்க மாட்டார்கள். சுமக்கும் புரதங்கள் நிரம்பி, இரும்பு கட்டற்றுத் திரியும். கட்டற்ற இரும்பு குடலைப் புண்ணாக்கும், கல்லீரலையும் இதயத்தையும் தாக்கும். அன்று முதல் எங்கள் பள்ளியில் மாத்திரை பீரோவுக்குள், சாவி என் கைப்பையில். ஆனால் பூட்டு மட்டும் போதாது. வீட்டில் கர்ப்பிணி அக்காவின் சிவப்பு மாத்திரை அட்டை ஜன்னல் திட்டில்தான் கிடக்கும், பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகள் விளையாடும். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் மாணவிகளில் இரண்டு பேர் வீட்டில் அந்த அட்டையை எடுத்து எட்டாத உயரத்தில் வைத்ததாக வந்து சொன்னார்கள்.

அளவிடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். பாவாடைப் பையில் எப்போதும் பச்சரிசி வைத்திருப்பாள். பாடம் நடக்கும்போது மெல்ல மெல்லக் கடித்துக்கொண்டே இருப்பாள். பல்பமும் தின்பாள் என்று தோழிகள் சொன்னார்கள். நான் முதலில் திட்டினேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அரிசி, பல்பம், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடித் தின்பது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். பள்ளி முகாமில் அவள் ஹீமோகுளோபின் 12.2. பன்னிரண்டுக்கு மேல் என்பதால் 'நார்மல்' என்று எழுதிவிட்டார்கள். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய் ஃபெரிட்டின் பார்த்தோம். ஆறு. உலக சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே போனால் குறைவு என்கிறது. பத்தாயம் துடைத்து வைத்ததுபோல் காலி. அடுப்பில் மட்டும் அன்றைய உலை கொதித்துக்கொண்டிருந்தது. உடம்பு முதலில் சேமிப்பைத்தான் காலி செய்யும், ஹீமோகுளோபினைக் கடைசி வரை காப்பாற்றும். ஹீமோகுளோபின் இறங்கும்போது பல மாதத்துக் கஷ்டம் ஏற்கெனவே முடிந்திருக்கும். அந்தப் பல மாதங்களில்தான் பிள்ளை பாடத்தில் தூங்கி விழுகிறாள், 'மந்தம்' என்று பெயர் வாங்குகிறாள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்பு குறைந்த பள்ளி மாணவிகளுக்கு இரும்பு கொடுத்து 1996-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சாப்பிட்டு இரண்டு மாதம் போன பிறகு எங்கள் பெண்ணின் பையில் அரிசி இல்லை. காலாண்டுத் தேர்வில் பெரிதாக ஒன்றும் மதிப்பெண் ஏறிவிடவில்லை; ஆனால் கடைசிப் பாடவேளையில் விழித்திருக்கிறாள்.

மறுபக்கமும் உண்டு. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நாம் 'சாப்பிடவில்லை, பொய் சொல்கிறாள்' என்கிறோம். குறைவது இரும்பாக இல்லாமல் வைட்டமின் பி12 ஆக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணு இருக்கலாம். தலசீமியா கடுமையாக இருப்பவர்களுக்கு இரும்பு கூடிப் போவதுதான் ஆபத்து. அவர்கள் உடம்பில் ஹெப்சிடின் குறைந்து மடை திறந்தே கிடக்கும், ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேரும். எல்லா வெளிறலுக்கும் ஒரே நீலம் பதில் ஆகாது.

ரேஷன் அரிசியிலும் இதே கதைதான் நடந்தது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசியைக் கலந்து கொடுத்தார்கள். அந்த அரிசிமணி கொஞ்சம் மஞ்சளாக, ஒரே அளவாக, தண்ணீரில் மிதப்பதாக இருக்கவும், எங்கள் ஊரில் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பெயர் வந்துவிட்டது. அம்மாக்கள் முறத்தில் போட்டுப் புடைத்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எறிந்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, உட்கார்ந்து, கண் வலிக்கப் பொறுக்கினார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லாத நாம்தான் அந்த உழைப்பை வீணாக்கினோம்.

ஆகவே என் கோரிக்கைகள். பெரிய பணம் தேவைப்படுவது ஒன்றுதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்வியாண்டின் தொடக்கத்தில், முதல் மாத்திரைக்கு முன்னால், எல்லா வகுப்புக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கச் சொல்லி ஆணை அனுப்புங்கள். சுவரொட்டி வேண்டாம் (கறிக்கடைச் சுவரொட்டி வேண்டும், நான் சொல்வது காகிதத்தை). உறுதிமொழி, பேரணி எதுவும் வேண்டாம். ஒரு ஆணி, ஒரு கரும்பலகை, கேள்வி கேட்க அரைமணி நேரம். அம்மாக்களையும் கூப்பிடுங்கள், கிராம சுகாதார செவிலியர் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்கள் மனம்விட்டுக் கேட்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும், விட்டுப்போன வாரத்துக்குச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, காய்ச்சல் என்றால் தள்ளிவைக்கலாம், பூட்டி வைக்க வேண்டும் என்பதை மாத்திரைப் பெட்டியின் மேலேயே தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடுங்கள். சுற்றறிக்கை தலைமை ஆசிரியர் மேசையிலேயே தங்கிவிடுகிறது. பெட்டிதான் என் கைக்கு வருகிறது.

பணம் தேவைப்படுவது ஃபெரிட்டின். எல்லோருக்கும் கேட்கவில்லை. ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் தேறாத பிள்ளைக்கும், பச்சரிசியும் பல்பமும் தின்னும் பிள்ளைக்கும், ஆசிரியர் ஒரு சீட்டு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் அங்கே ரத்தம் எடுத்து, முழு ரத்த அணுக்கள் கணக்கையும் ஃபெரிட்டினையும் பார்க்க வழி செய்யுங்கள். காய்ச்சலும் கிருமியும் இருக்கும்போது ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும் என்பதால் உடம்பு சரியாக இருக்கும் நாளில் எடுக்க வேண்டும் என்பதை டாக்டர்கள் அறிவார்கள்.

மற்றொன்று, பதிவேடு. 'வழங்கப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில் 'விழுங்கவில்லை, காரணம்' என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்தில் எண் எழுதிய பள்ளியைக் கூப்பிட்டு ஏன் குறைந்தது என்று விரட்டாதீர்கள். நூற்றுக்கு நூறு கேட்டதால்தான் நூற்றுக்கு நூறு எழுதினோம். மாத்திரையோ ஜன்னலுக்கு வெளியே கிடந்தது.

இந்த வருடம் நானே பென்சிலால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். போன வாரம் அதே பத்தாம் வகுப்பில் 41 பேர் வந்திருந்தார்கள். விழுங்கியவர்கள் 33. விழுங்காதவர்கள் எட்டு: காய்ச்சல் இரண்டு, வாந்தி வரும் என்ற பயம் இரண்டு, அம்மா வேண்டாம் என்றது மூன்று, காரணம் சொல்லாதது ஒன்று. அந்த மூன்று அம்மாக்களையும் வருகிற வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆணியை எடுத்து வைத்துவிட்டேன்.

பென்சில் கோட்டை அச்சுக் கோடாக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி உயிரியல் ஆசிரியை